ஒரு முட்டை, ஒரு விந்தணு: நடுவில் எத்தனை கதவு?

விந்தணுவும் கருமுட்டையும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு சேர்வது எப்படி என்று போன இதழில் நாலு வரி எழுதியிருந்தோம். அதைத் தொட்டு செட்டிநாட்டுப் பக்கமிருந்து நிறையக் கடிதங்கள். மகப்பேறு மருத்துவரும் கருவியல் லேப் நிபுணர்களும் அடங்கிய எங்கள் குழு அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறது. கேட்டவர்களின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம்.

*கோடிக்கணக்கான விந்தணுக்களில் ஒன்றுதான் முட்டைக்குள் போகிறது என்கிறார்கள். முந்தி ஓடி வருவதுதான் ஜெயிக்கிறதா?*
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தேவகோட்டை

ஓட்டப்பந்தயம் என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி அந்தப் படமே மனதில் நின்றுவிட்டது, டீச்சர். உண்மையில் முந்தி வந்த விந்தணுவால் முட்டைக்குள் போகவே முடியாது. வெளியேறிய உடனே விந்தணுவுக்கு நீந்தத் தெரியும், சேரத் தெரியாது. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்தால்தான் அந்தத் திறன் வரும். அதன் மேற்சவ்விலிருந்து கொலஸ்ட்ரால் கழன்று சவ்வு இளக வேண்டும். உள்ளே கால்சியம் ஏற வேண்டும். வால் சாட்டை மாதிரி வீச்சு வீச்சாக அடிக்கத் தொடங்க வேண்டும். 1951-ல் மின் சூ சாங், காலின் ஆஸ்டின் என்ற இருவர், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல், தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பு உடலுக்கு வெளியே கருத்தரிக்க வைக்கும் முயற்சிகள் தோற்றுக்கொண்டே இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். பதப்படாத விந்தணுவை முட்டையோடு விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள்.

வெளியேறுவது பல கோடி. கருக்குழாயின் அகன்ற பகுதிக்கு வந்து சேர்வது சில நூறுதான். மீதியெல்லாம் கர்ப்பப்பை வாயின் சளியிலும் வழியிலும் நின்றுவிடும்.

அங்கே இருக்கும் முட்டையின் குறுக்களவு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். கோலப்பொடியின் மெல்லிய துகள் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். விந்தணுவின் தலை அதில் இருபதில் ஒரு பங்கு. முட்டையை நம்மூர் வீடு மாதிரி கட்டு கட்டாகப் பார்த்தால் விளங்கும். முகப்பில் ஆயிரக்கணக்கான சின்னச் செல்கள், கூழ் போன்ற ஒரு பசையில் பதிந்து கிடக்கின்றன. விந்தணு தன் மேலுள்ள ஒரு நொதியால் அந்தப் பசையை இளக்கி வழி செய்துகொள்கிறது. அடுத்தது நிலைக்கதவு. ஜோனா என்ற கண்ணாடி போன்ற கெட்டி உறை, 15 முதல் 20 மைக்ரான் தடிமன். மனித முட்டையில் இதை நெய்திருப்பவை நான்கு புரதங்கள். அவற்றில் ஜோனா-2 என்ற புரதத்தின் நுனியில்தான் மனித விந்தணு பற்றுகிறது. எலி முட்டைக்கு மனிதரின் ஜோனா-2 புரதத்தைக் கொடுத்தால் மனித விந்தணு அந்த உறையில் பற்றிக்கொள்கிறது. வெறும் எலி உறையில் பற்றுவதில்லை. "இது எந்த இனம்?" என்ற முதல் கேள்வி இங்கேயே கேட்கப்பட்டுவிடுகிறது.

இந்தக் கட்டத்துக்குள் விந்தணுவின் தலையில் தொப்பி மாதிரி இருக்கும் அக்ரோசோம் பை வெடித்திருக்க வேண்டும். வெடிக்காத விந்தணு உறையைத் தாண்டாது. அவசரப்பட்டு வெகு முன்னதாக வெடித்துவிட்டதும் பயன்படாது. உறையைக் கடந்தால் ஒரு குறுகிய இடைவெளி, வீட்டுக்குள் இருக்கும் முற்றமான வளவு மாதிரி. அதற்கும் அப்பால் முட்டையின் சொந்தச் சவ்வு. அங்கே விந்தணு தலையால் முட்டி நுழைவதாகத்தான் பெரும்பாலான படங்களில் வரைகிறார்கள். தவறு. அது பக்கவாட்டில் சாய்ந்து படுக்கிறது. தலையின் நடுப்பட்டைப் பகுதி முட்டையின் சவ்வோடு முதலில் கலக்கிறது. பிறகு தலை, வால் எல்லாம் உள்ளே அமிழ்கின்றன. பாடம் நடத்தும்போது கரும்பலகையில் படத்தை இப்படி மாற்றி வரைந்தால் பிள்ளைகளுக்குச் சரியானது பதியும்.

*இசுமோ, ஜூனோ என்ற இரண்டு புரதங்கள்தான் சாவியும் பூட்டும் என்று வகுப்பில் படித்தோம். இவை சேர்ந்துவிட்டால் இரண்டு செல்லும் ஒன்றாகிவிடுமா?*
– முதுகலை மாணவர், காரைக்குடி

ஒட்டுவது வேறு, கலப்பது வேறு, தம்பி. உங்கள் கேள்வியின் முடிச்சு அதில்தான் இருக்கிறது.

விந்தணுவின் பக்கம் இருப்பது இசுமோ-1. 2005-ல் ஒசாகா பல்கலைக்கழகத்தில் மசாரு ஒகாபேயின் குழு இதைக் கண்டறிந்து, திருமண பந்தம் கூட்டி வைக்கும் தெய்வத்தின் ஜப்பானியக் கோயிலின் பெயரை வைத்தது. இசுமோ இல்லாத ஆண் எலிகளின் விந்தணு நன்றாக நீந்தியது, ஜோனாவையும் துளைத்தது. உள்ளே போய் வளவில் கூட்டமாக நின்றுவிட்டது. ஒன்றுகூடச் சேரவில்லை. அக்ரோசோம் வெடிக்கும் வரை இசுமோ வெளியே தெரியாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தொப்பி கழன்ற பிறகுதான் அது தலையின் மேற்பரப்புக்கு வருகிறது. அதனால்தான் அந்த வெடிப்பு இல்லாமல் சேர்க்கை இல்லை.

முட்டையின் பக்கம் எது என்று தெரிய இன்னும் 9 வருடம் ஆனது. 2014-ல் இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்தில் என்ரிகா பியாங்கி, கேவின் ரைட் குழுவினர் ஜூனோவைக் கண்டார்கள். ரோமானியரின் திருமண தேவதையின் பெயர் அது. தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்த இரண்டு புரதங்களின் பிடி மிகவும் தளர்வானது, தொட்டவுடன் விட்டுவிடும். ஒற்றை இசுமோவை வைத்துத் தேடினால் கை நழுவிப் போகும். பல இசுமோக்களைக் கொத்தாகக் கட்டி, பிடியைப் பெருக்கித் தேடியபோதுதான் ஜூனோ சிக்கியது.

இனி உங்கள் கேள்வி. இசுமோவை வேறொரு சாதாரணச் செல்லின் மேல் முளைக்க வைத்து முட்டையருகே விட்டால், அந்தச் செல் முட்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். கலக்காது. ரசத்தின் மேல் மிதக்கும் இரண்டு எண்ணெய்க் கண்களைப் பார்த்திருப்பீர்கள். அருகருகே நிற்கும், தானாகச் சேராது, கரண்டி பட்டால்தான் ஒன்றாகும். செல் சவ்வுகளுக்கு நடுவே இருக்கும் நீர்ப்படலத்தை நீக்கி, இரண்டையும் அழுத்திக் கலக்கவும் அப்படி ஒரு கரண்டி வேண்டும்.

பாசி, பூச்செடிகள், மலேரியா ஒட்டுண்ணி ஆகியவற்றில் அந்தக் கரண்டி தெரிந்துவிட்டது. ஹாப்-2 என்ற புரதம். 2017-ல் அதன் வடிவத்தைப் படம் பிடித்தபோது, டெங்கு வைரஸ் நம் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் புரதத்தின் அச்சாக இருந்தது. மனிதரிடமும் மற்றப் பாலூட்டிகளிடமும் ஹாப்-2 இல்லை. நம்மிடம் அந்த வேலையைச் செய்வது எது என்று உலகம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. ஒற்றைப் புரதமாக இல்லாமல் ஒரு கூட்டணியாக இருக்கலாம் என்பது எங்கள் எண்ணம். அதற்குச் சான்று சேர்ந்துகொண்டே வருகிறது. முட்டையில் சிடி-9 என்ற புரதம் இல்லாவிட்டால் சேர்க்கை நின்றுபோகிறது என்று 2000-லேயே தெரிந்தது. முட்டைச் சவ்வின் மெல்லிய மயிர் போன்ற நீட்சிகளைச் சரியான வடிவில் வைத்திருப்பது அது. 2024-ல் வியன்னாவில் ஆண்ட்ரியா பவுலியின் குழு இன்னொரு படி போனது. புரத வடிவங்களைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் மென்பொருளின் துணையோடு, விந்தணுவின் மேல் இசுமோ-1, ஸ்பாகா-6, டிமெம்-81 என்ற மூன்று புரதங்களும் ஒரு கொத்தாக நிற்பதைக் கண்டார்கள். மீனிலும் மனிதரிலும் அதே மூன்று. ஆனால் மீன் முட்டையில் அந்தக் கொத்தைப் பிடிப்பது ஜூனோ இல்லை, பவுன்சர் என்ற வேறு புரதம். ஆண் பக்கம் மாறாமல் இருக்க, பெண் பக்கம் ஆளே மாறியிருக்கிறது. முதுகலை ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறீர்களானால் இந்த இடத்தைத் தோண்டிப் பாருங்கள்.

*ஜூனோவுக்கு முன்பு ஃபோலேட் ஏற்பி என்று பெயராமே. நான் சாப்பிடும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை அதில் ஒட்டிக்கொண்டு கருத்தரிப்பைக் கெடுக்குமா?*
– வாசகி, பள்ளத்தூர்

கெடுக்காது. ஃபோலேட்டைப் பிடிக்கும் புரதங்களின் குடும்பச் சாயலை வைத்து அந்தப் பழைய பெயரைச் சூட்டினார்கள். ஜூனோ ஃபோலேட்டைப் பிடிப்பதே இல்லை. தினமும் 400 மைக்ரோகிராம் மாத்திரையைக் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்குங்கள். குழந்தையின் முதுகுத்தண்டுக் குழாய் முதல் நாலு வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போய் டெஸ்ட் செய்து பார்த்த பிறகு ஆரம்பித்தால் அந்தச் சமயம் கடந்திருக்கலாம்.

*என் ரிப்போர்ட்டில் எண்ணிக்கை, அசைவு எல்லாம் நார்மல். ஐ.வி.எஃப். செய்ததில் என் மனைவியின் 8 முட்டைகளில் ஒன்றுகூடக் கருவாகவில்லை. முட்டையில்தான் குறை என்று வீட்டில் பேசுகிறார்கள். பிள்ளை கூட்டிக்கொள்ள (தத்தெடுக்க) சொல்கிறார்கள். உண்மை என்ன?*
– வாசகர், புதுவயல்

முதலில் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. இந்த முடிவை மட்டும் வைத்துக்கொண்டு முட்டை மேல் பழி போட எந்த ஆதாரமும் இல்லை. நார்மல் என்ற ரிப்போர்ட் எதைச் சொல்கிறது என்று பாருங்கள். மில்லிக்கு 1.6 கோடிக்கு மேல், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதத்துக்கு மேல், சரியான வடிவம் 4 சதவீதத்துக்கு மேல். இவை உலக சுகாதார நிறுவனத்தின் 2021 பதிப்பில் உள்ள கீழ் எல்லைகள். எண்ணுவது, பார்ப்பது இரண்டோடு அந்த டெஸ்ட் முடிந்துவிடுகிறது. உறையைப் பற்றுமா, தொப்பி வெடிக்குமா, இசுமோ வெளியே வருமா என்பது அதில் இல்லவே இல்லை. நடையும் உருவமும் சரி என்று மட்டும் சொல்லும் ரிப்போர்ட் அது.

அடுத்து, லேப்பில் நடந்ததைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில் கேளுங்கள்.

8 முட்டையில் எத்தனை முதிர்ந்தவை? முதல் துருவச் செல் என்ற சின்ன உருண்டை உறைக்குள் ஓரமாகத் தெரிந்தால்தான் அது முதிர்ந்த முட்டை. முதிராத முட்டையில் எந்த விந்தணுவாலும் கருவாகாது. மூன்றுதான் முதிர்ந்தவை என்றால் உங்கள் கணக்கு 8-க்குப் பூஜ்யம் இல்லை, 3-க்குப் பூஜ்யம். மருந்தின் அளவையும் முட்டை முதிரப் போடும் கடைசி ஊசியின் நேரத்தையும் அடுத்த முறை மாற்றினால் இது சீராக வாய்ப்பு உண்டு.

மறுநாள் காலை, 16 முதல் 18 மணி நேரத்தில், முட்டையைச் சுற்றிய செல்களை நீக்கிப் பார்த்திருப்பார்கள். அப்போது உறையின் மேல் எத்தனை விந்தணு ஒட்டியிருந்தன? இந்த ஒரு கேள்விக்கான பதில் மற்றச் சோதனைகள் பலவற்றைவிட அதிகம் சொல்லும். ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் குறை பற்றும் கட்டத்தில் இருக்கிறது. விந்தணுவுக்கு எதிரான ஆன்டிபாடி, தொப்பியே இல்லாத உருண்டைத் தலை விந்தணு, முட்டை உறையின் புரதக் கோளாறு என்று தேட வேண்டும். நிறைய ஒட்டியும் ஒன்றும் உறையைத் தாண்டவில்லை என்றால், பெரும்பாலும் தொப்பி வெடிக்கும் கட்டத்தில் தடை. தாண்டி உள் இடைவெளியில் நின்றுவிட்டால், சவ்வோடு சேரும் கட்டத்தில் தடை. இது அரிது. இசுமோ, ஸ்பாகா-6 போன்ற மரபணுக்களில் பிழை இருக்கலாம்.

இந்த மூன்று தடைகளுக்கும் பொதுவான வழி ஒன்று இருக்கிறது. இக்சி. 1992-ல் பிரஸ்ஸல்ஸிலிருந்து வெளியான முறை. ஒரே ஒரு விந்தணுவைக் கண்ணாடி ஊசியில் எடுத்து, வாலை நசுக்கி அசைவை நிறுத்தி, முட்டையைத் துருவச் செல் 12 மணி அல்லது 6 மணி இருக்கும் பக்கமாகத் திருப்பிப் பிடித்து, 3 மணிப் பக்கத்திலிருந்து ஊசியை உள்ளே செலுத்துவார்கள். குரோமோசோம்களைத் தாங்கி நிற்கும் முட்டையின் கதிர்க்கோல் துருவச் செல்லுக்கு அருகில்தான் இருக்கும், அதைக் குத்திவிடக் கூடாது என்பதற்காக அந்தத் திசை. உறை, சவ்வு, இசுமோ, ஜூனோ எல்லாக் கதவையும் இது தாண்டிவிடுகிறது.

இக்சியும் தோற்கும் ஓர் இடம் உண்டு. உள்ளே போன விந்தணு முட்டையை எழுப்ப வேண்டும். விந்தணுவின் தலையிலிருக்கும் பி.எல்.சி. ஸீட்டா என்ற புரதம் முட்டைக்குள் கால்சியத்தை அலை அலையாக எழுப்புகிறது. சில மணி நேரம் விட்டு விட்டு அடிக்கும் அந்த அலைகளால்தான் முட்டை விழித்து, மிச்சமிருக்கும் குரோமோசோம் பிரிவை முடிக்கிறது. இந்தப் புரதம் இல்லாவிட்டால் விந்தணு உள்ளே இருந்தும் முட்டை தூங்கும். கால்சியம் ஐயனோஃபோர் என்ற கரைசலில் முட்டையைச் சில நிமிடம் வைத்து எடுப்பது இதற்கான சிகிச்சை. தேவை உறுதியானால் மட்டும் செய்ய வேண்டியது.

எங்கள் யோசனை: அடுத்த சுற்றில் முழுவதும் இக்சியாகச் செய்யுங்கள், அல்லது பாதி முட்டைகளை இக்சிக்கும் பாதியை வழக்கமான முறைக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள். தடை எந்தக் கட்டத்தில் என்பதைத் தெரிந்துகொள்ள இரண்டாவது வழி உதவும். உங்களைப் போலப் பூஜ்யம் கண்டவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறோம். விந்து ரிப்போர்ட் நார்மலாக, முதல் முறை வரும் தம்பதிக்கும் இக்சி செய்தால் குழந்தை வாய்ப்பு கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை, செலவுதான் கூடும்.

பிள்ளை கூட்டுவது நல்ல வழக்கம். விரும்பினால் செய்யுங்கள். ஒரே சுற்றின் முடிவைப் பார்த்துப் பயந்து செய்ய வேண்டாம்.

*இரண்டு விந்தணு ஒரே முட்டைக்குள் போனால் இரட்டைப் பிள்ளையா?*
– கல்லூரி மாணவி, திருப்பத்தூர்

இல்லை. 46 இருக்க வேண்டிய குரோமோசோம் 69 ஆகிவிடும். அந்தக் கரு பிழைப்பதில்லை, பெரும்பாலும் ஆரம்பத்திலேயே கலைந்துவிடும். சாயல் ஒன்றான இரட்டையர் ஒரு விந்தணு, ஒரு முட்டையில் உருவான கரு இரண்டாகப் பிரிந்ததால் வருபவர்கள். சாயல் வேறான இரட்டையருக்கு இரண்டு முட்டை, இரண்டு விந்தணு.

இரண்டாவது விந்தணுவைத் தடுக்க முட்டை இரண்டு வேலை செய்கிறது. எலி முட்டையில், முதல் விந்தணு சேர்ந்த 40 நிமிடத்துக்குள் சவ்விலிருக்கும் ஜூனோ முழுவதும் கழன்று வெளியே மிதக்கத் தொடங்குகிறது. பின்னால் வரும் விந்தணு கதவைப் பிடிப்பதாக நினைத்து அந்த மிதக்கும் ஜூனோவைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதே நேரம் முட்டை வெளியே கொட்டும் ஓவஸ்டாசின் என்ற நொதி ஜோனா-2 புரதத்தை வெட்டுகிறது, உறையில் இனி எதுவும் பற்றாது. லேப்பில் முட்டை வயதாகிப் போயிருந்தாலோ, கிண்ணத்தில் விந்தணு அளவுக்கு மீறி இருந்தாலோ இந்தத் தடுப்பு பிந்திவிடும். அப்போது முட்டைக்குள் இரண்டுக்குப் பதில் மூன்று கருவட்டம் (உட்கரு) தெரியும். அந்தக் கருவைக் கர்ப்பப்பையில் வைக்க மாட்டார்கள்.

*பெண் கேட்கும்போது "எந்தக் கோயில், எந்தப் பிரிவு" என்றுதான் முதலில் கேட்போம். ஒன்றாக இருந்தால் பங்காளி, கொடுக்கல் வாங்கல் இல்லை. முட்டையும் இப்படிக் கேட்குமா?*
– பெரியவர், கானாடுகாத்தான்

அருமையான கேள்வி, ஐயா. மனித முட்டை கேட்பது "நீ மனித விந்தணுவா?" என்ற ஒன்றைத்தான். உறவு, பங்காளி, அத்தை மகன், மாமன் மகன் எதுவும் அதற்குத் தெரியாது. நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் கருத்தரிப்பில் தடை வராது. ஆனால் இரு பக்கமும் ஒளிந்திருக்கும் ஒரே மரபணுப் பிழை பிள்ளையில் ஒன்றுசேர வாய்ப்பு கூடுகிறது. குடும்பத்தில் பரம்பரை நோய் இருந்தால் கல்யாணப் பேச்சிலேயே மரபணு ஆலோசகரைப் பார்ப்பது நல்லது.

நீங்கள் சொல்லும் அதே விதியை முட்டைக்கோஸ், முள்ளங்கி வகைச் செடிகள் வைத்திருக்கின்றன. மகரந்தத்தின் மேல் ஒரு சின்னப் புரதம் உண்டு. சூலக முடியில் அதைப் பிடிக்கும் ஏற்பி உண்டு. இரண்டும் ஒரே வகை மரபணுவிலிருந்து வந்திருந்தால் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் அந்த மகரந்தம் முளைக்காது. இசுமோவும் ஜூனோவும் பிடித்தால் கதவு திறக்கிறது, இங்கே பிடித்தால் கதவு சாத்தப்படுகிறது. தன் பூவின் மகரந்தம் தனக்கே சேராமல் அந்தச் செடிகள் காப்பது இப்படித்தான்.

*விந்துப் பரிசோதனைக்கு வீட்டிலேயே எடுத்து, பஸ்ஸில் காரைக்குடிக்குக் கொண்டுபோகலாமா?*
– பெயர் வேண்டாம், கிராமத்திலிருந்து

லேப்பில் எடுப்பதே மேல். முடியாவிட்டால் 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு, லேப்பில் கொடுத்த அகன்ற வாய் டப்பாவில் எடுங்கள். எண்ணெய், சோப்பு, சாதாரண ஆணுறை வேண்டாம், விந்தணு செத்துவிடும். முதலில் வரும் துளிகளில்தான் விந்தணு அதிகம், அது சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அரை மணிக்குள், அதிகம் போனால் ஒரு மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் வைத்தால் வெந்துவிடும், ஏ.சி. காற்றின் முன் பிடித்தாலும் அசைவு குறைந்து தெரியும். கடும் காய்ச்சல் வந்திருந்தால் மூன்று மாதம் கழித்துக் கொடுங்கள். ஒரு விந்தணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய அத்தனை காலம் ஆகிறது.

*சேவலை விற்று பத்து நாள் ஆகிறது. நாட்டுக்கோழி இடும் முட்டையை அடை வைக்கலாமா?*
– வாசகி, கோட்டையூர்

வைக்கலாம். கோழியின் முட்டைக்குழாயில் விந்தணுவைச் சேமித்து வைக்கும் நுண்ணிய குழிகள் இருக்கின்றன. ஒரு சேர்க்கை இரண்டு வாரம் வரைக்கும் தாக்குப்பிடிக்கும், சில கோழிகளில் மூன்று வாரம்கூட. முதல் வார முட்டைகள்தான் அதிகம் பொரிக்கும்; நாள் ஆக ஆகக் குறையும். கோழி விஷயத்தில் இன்னொரு விந்தை. மஞ்சள் கரு வெளியே வந்து கால் மணி நேரத்துக்குள் விந்தணு சேர்ந்தாக வேண்டும், பிறகு வெள்ளைக் கரு மூடிவிடும். அந்த அவசரத்தில் பல விந்தணுக்கள் ஒரே முட்டைக்குள் போகின்றன. மனிதரில் கருவைக் கொல்லும் அந்த நிலை கோழிக்கு இயல்பானது. ஒன்றின் உட்கருதான் சேரும், மற்றவை கரைந்துவிடும்.

இன்று இட்ட முட்டை ஒன்றை மெதுவாகத் தட்டில் உடைத்துப் பாருங்கள். மஞ்சளின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும், இல்லாவிட்டால் கரண்டிக் காம்பால் மஞ்சளை மெல்லத் திருப்புங்கள். ஒழுங்கற்ற விளிம்போடு ஒரே வெள்ளையாகச் சிறிதாக இருந்தால் கருவில்லாத முட்டை. மூன்று நான்கு மில்லிமீட்டரில், நடு தெளிந்து சுற்றிலும் வளையம் போட்டதுபோல் இருந்தால் கரு கூடியது. அந்த வளையத்தில் அப்போதே பல்லாயிரம் செல்கள் இருக்கும். வளையம் தெரிந்தால் அந்தக் கோழியின் மற்ற முட்டைகளை அடைக்கு வையுங்கள்.